பெட்டியில் போர் விமானம், உள்ளே பயிற்சி விமானத்தின் இறக்கை: நாட் மாடல் கட்டும் பாடு

தட்டான்பூச்சி

வணக்கம். மூன்று வாரமாக ஒரு பிளாஸ்டிக் விமான மாடல் கிட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். யோசனை வேண்டும். கொஞ்சம் ஆதங்கத்தையும் இறக்கி வைக்க வேண்டும்.

கிட், ஃபோலண்ட் நாட், 1/48 (அசலில் 48இல் ஒரு பங்கு). நம் விமானப்படையில் இருந்த ஒற்றை இருக்கைப் போர் விமானம். தயாரிப்பாளர் ஒரு சிறு நிறுவனம், பெயர் சொல்லப் போவதில்லை. விலை 3,800 ரூபாய். சுங்கவரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்து மேலே 1,250. பெட்டியின் மேல் வெள்ளி நிறத்தில், காவி, வெள்ளை, பச்சை வட்டத்தோடு விமானம் பறக்கும் படம். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

திறந்து பார்த்தால் பாகங்களில் எல்லாம் பிசிறு. உடற்பகுதியின் இடது பாதி நெளிந்திருந்தது. பொருத்துவதற்கான முளைகள் ஒன்றுகூட இல்லை. சக்கரக் கதவுகளின் உள்பக்கம் அச்சு தள்ளிய வட்டத் தழும்புகள், அதுவும் கண்ணில் படும் இடத்திலேயே. சிறு நிறுவனக் கிட் என்றால் இதெல்லாம் இருக்கும் என்று தெரிந்துதான் வாங்கினேன், அதில் வருத்தமில்லை. நெளிந்த பாதியை வெந்நீரில் வைத்து நிமிர்த்தினேன். பிசிறைக் கத்தியால் சுரண்டினேன். அது வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வினை இறக்கையில் வந்தது. நாட் விமானத்தின் இறக்கை உடலின் தோள்மேல் உட்காரும். இந்தக் கிட்டில் உடலில் உள்ள பள்ளத்தைவிட இறக்கையின் அடிப்பகுதி முன்பின்னாக 6 மி.மீ.க்கும் மேல் நீளம். வழக்கமான பொருத்தக் கோளாறு என்று நினைத்து, உடலில் உள்ள பள்ளத்தை அரத்தால் ராவி அகலப்படுத்தினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. முதுகுப் பகுதி மெலிந்து ஓர் இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அளவுகோலை எடுத்து இறக்கையை நுனி முதல் நுனி வரை அளந்தேன். 152 மி.மீ. இருக்கிறது.

இது சரியான அளவா? யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். உடலின் நீளம் 182 மி.மீ.


உப்புத்தாள்

தம்பி, ராவுவதை உடனே நிறுத்துங்கள். உடல் சரி, இறக்கைதான் தவறு.

நாட் போர் விமானத்தின் இறக்கை விரிவு 6.76 மீட்டர். 48ஆல் வகுத்தால் 141 மி.மீ. வர வேண்டும். உடல் நீளம் 8.74 மீட்டர், அது 182 மி.மீ., உங்கள் கிட்டில் கச்சிதமாக இருக்கிறது. சரி, 152 எங்கிருந்து வந்தது? நாட் டி.1 என்ற இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்தின் விரிவு 7.32 மீட்டர். வகுத்துப் பாருங்கள், 152.5.

உங்களிடம் இருப்பது பயிற்சி விமானத்தின் இறக்கை. அந்த நிறுவனம் பயிற்சி விமானத்தையும் தனிப் பெட்டியில் விற்கிறதா என்று பாருங்கள். விற்றால், உடலுக்கு மட்டும் புது அச்சு செய்துவிட்டு இறக்கைச் சட்டத்தை இரண்டு பெட்டியிலும் போட்டிருப்பார்கள்.

நுனியில் ஆளுக்கு 6 மி.மீ. வெட்டினால் தீர்ந்தது என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். போர் விமானத்தின் இறக்கைப் பரப்பு 136.6 சதுர அடி. பயிற்சி விமானத்துக்கு 175. பரப்பை விரிவால் வகுத்தால் இறக்கையின் சராசரி அகலம் கிடைக்கும். 1/48இல் போர் விமானத்துக்கு அது சுமார் 39 மி.மீ., பயிற்சி விமானத்துக்கு சுமார் 46. அதாவது முன்பின்னாகவும் 7 மி.மீ. கூடுதல். உங்கள் பள்ளத்தில் உட்காராத அந்த 6 மி.மீ. சங்கதி இதுதான்.

போதாததற்கு அசையும் பாகங்களும் வேறு. பயிற்சி விமானத்தில் ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்) வெளிப்புறம், ஃபிளாப் (இறங்கும்போது கீழே தாழும் மடல்) உள்புறம். போர் விமானத்தில் ஏலரான் உள்புறமே இருக்கும், இறங்கும்போது அதுவே கீழே சாய்ந்து ஃபிளாப் வேலையும் பார்க்கும். எனவே கோடுகளையும் அடைத்துவிட்டுப் புதிதாகக் கீற வேண்டியிருக்கும்.


தட்டான்பூச்சி

இப்போதுதான் அந்த நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே பயிற்சி விமானப் பெட்டி ஒன்று இருக்கிறது. இறக்கைச் சட்டத்தின் படம் இரண்டிலும் ஒன்றேதான்.

அண்ணா, உண்மையில் எனக்குக் கோபம் வருகிறது. பிசிறு, நெளிவு எல்லாம் அவர்களால் முடியாமல் நேர்ந்தது. சிறிய அச்சு, குறைந்த அழுத்தம், கொஞ்சப் பணம், அது புரிகிறது. இது அப்படி இல்லை. தெரிந்தே வேறொரு விமானத்தின் இறக்கையைப் போட்டு, மேலே நம் விமானப்படைச் சின்னத்தை வரைந்து விற்றிருக்கிறார்கள். வாங்குகிறவன் அளந்து பார்க்க மாட்டான் என்ற எண்ணம்.


ஞாயிறுமாடலர்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெட்டியில் வந்ததை அப்படியே கட்டுங்கள் நண்பரே. என் அலமாரியில் 40க்கு மேல் மாடல்கள் இருக்கின்றன, எல்லாம் பெட்டியில் வந்தபடியே கட்டியவை. அவற்றில் எத்தனை அளவுத் தவறு என்று நான் பார்த்ததே இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் நான் பார்த்த பெரிய சோகம், அரைகுறையாக வெட்டப்பட்டு, டப்பாவில் மூடி, பரணில் ஏறிய கிட்கள்தான். திருத்தப் போகிறேன் என்று தொடங்கியவர்களில் பாதிப் பேர் முடிப்பதில்லை. இதைப் பலமுறை பார்த்த வேதனையில் சொல்கிறேன்.

பள்ளத்தை ஏற்கெனவே அகலப்படுத்திவிட்டீர்கள். இறக்கையை வைத்து ஒட்டி, இடைவெளியை அடைத்து, பெயின்ட் அடியுங்கள். மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அது நாட்தான்.


வெள்ளிச்சிறகு

மூன்றடி தள்ளி நின்றாலும் எனக்குத் தெரியும் ஞாயிறு சார். நாட்டின் முகமே அந்தச் சின்ன இறக்கைதான். டெடி பெட்டர் அதை வடிவமைத்ததன் முழு நோக்கமும் சிறிய, எடை குறைந்த, மலிவான போர் விமானம். அதற்கு முன் கான்பெரா குண்டுவீச்சு விமானத்தை வரைந்த அதே மனிதர். விமானங்கள் பெருத்துக்கொண்டே போகின்றன என்று அவருக்கு மனக்குறை. 1955 ஜூலை 18 அன்று பறந்த முதல் நாட் அந்த மனக்குறையில் பிறந்தது. அதற்குப் பெரிய இறக்கையை மாட்டினால் விமானத்தின் கருத்தே போய்விடும்.

ஏன் இந்தத் தவறு நடக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பிரிட்டன் ஒற்றை இருக்கை நாட்டைத் தன் படைக்கு வாங்கவில்லை. வாங்கியவர்கள் இந்தியா, பின்லாந்து, சோதனைக்காக யுகோஸ்லாவியா. பிரிட்டன் வாங்கியது பயிற்சி விமானத்தை. ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை சிவப்பு வண்ணத்தில் பறந்ததும் அதில்தான். ஐரோப்பிய மாடல் நிறுவனம் ஒன்று அளவெடுக்கக் கிளம்பினால், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதெல்லாம் டி.1.

உங்களுக்குப் படங்கள் வேண்டுமென்றால் மூன்று இடத்து விமானங்களைத் தேடுங்கள். டெல்லியில் பாலம் (Palam) என்ற இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகம். பின்லாந்தில் டிக்ககோஸ்கியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகம். மூன்றாவது கராச்சி. 1965 செப்டம்பர் 3 அன்று பஸ்ரூரில் தரையிறங்கிப் பாகிஸ்தானிடம் சிக்கிய நாட் அங்கே நிற்கிறது. அதே நாளில்தான் நம் விமானி ட்ரெவர் கீலர் பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் ஒன்றை வீழ்த்தியதாக நம் பக்கம் பதிவு செய்தது. பின்லாந்து விமானம் படம் எடுக்க வசதியாக நிற்பதால் நெருக்கமான படங்கள் நிறையக் கிடைக்கும்.


மலைக்கோட்டை

இறக்கை விவாதம் நடக்கட்டும். அதற்கு நடுவே ஒரு கேள்வி: உடலை ஒட்டிவிட்டீர்களா? ஒட்டவில்லை என்றால் மூக்கில் எடை வைத்தீர்களா?

நாட்டுக்கு மூக்குச் சக்கரம் உண்டு. பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் உடல் நீண்டு கிடக்கும், மூக்கோ துளியூண்டு. எடை வைக்காவிட்டால் மாடல் வாலைக் குத்திக்கொண்டு உட்காரும். கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, முதல் தடவை மேசையில் வைக்கும்போது வால் கீழே போவதைப் பார்ப்பது ரொம்பக் கொடுமை. எனக்கு ஒரு மிக்-21இல் நடந்தது.

எடைக்குத் தூண்டில் ஈயக்குண்டு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஈயத்தை வெள்ளை மரப்பசையில் பொதிந்து வைக்காதீர்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை மெல்ல அரிக்கும். ஈயம் வெள்ளைப் பொடியாக மாறிப் பருக்கும். இரண்டு, மூன்று வருடத்தில் மூக்கு உள்ளேயிருந்து வெடித்துப் பிளக்கும். அப்படிப் பிளந்த மாடலை என் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எம்-சீலில் பொதியுங்கள், இல்லாவிட்டால் இரண்டு டியூப் எபாக்சி. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நாட்டின் மூக்கில் இடம் போதாது. விமானி இருக்கைக்குப் பின்னால், பிரதான சக்கரத்துக்கு முன்னால் எங்கெல்லாம் பொந்து இருக்கிறதோ அங்கெல்லாம் அடையுங்கள். அடைத்த பிறகு செல்லோடேப்பால் மொத்த மாடலையும் கட்டி, சக்கரம் வரும் இடத்தில் பென்சிலை வைத்துச் சாய்கிறதா என்று பாருங்கள். பெயின்ட், விமானக் கண்ணாடி எல்லாம் பிற்பாடு சேரும். எனவே கணக்குக்கு மேல் இரண்டு கிராம் கூடுதலாகவே இருக்கட்டும்.


தட்டான்பூச்சி

இன்னும் ஒட்டவில்லை, நல்ல வேளையாகச் சொன்னீர்கள். பழைய ஈயக்குண்டு வீட்டில் இருக்கிறது, எம்-சீல் வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிறு சார், நீங்கள் சொன்னதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் நான் ஏன் இதை விட மாட்டேன் என்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாடல் என் மாமனாருக்கு. விமானப்படையில் ஆயுதப் பிரிவில் இருந்தவர். 22ஆம் ஸ்குவாட்ரன். கலைக்குண்டாவிலும், 1971இல் கொல்கத்தா டம்டம் தளத்திலும் நாட்டுக்குக் குண்டு ஏற்றியவர். இரண்டு 30 மி.மீ. ஏடன் துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 115 ரவை. இந்த எண்ணிக்கையை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இப்போது வயது 79. நடமாட்டம் குறைவு. வீட்டில் அந்த விமானத்தின் படம் ஒன்றுகூட இல்லை. அப்போது தளத்தில் படம் எடுக்க அனுமதி கிடையாதாம்.

அவர் கையில் வேறு விமானத்தின் இறக்கையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.


வெள்ளிச்சிறகு

22ஆம் ஸ்குவாட்ரனா? அப்படியென்றால் பொய்ரா சண்டை! 1971 நவம்பர் 22. போர் முறையாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே நடந்தது. டம்டம்மிலிருந்து மாஸி, கணபதி, சோரெஸ், லாசரஸ் நான்கு பேரும் நாட் விமானங்களில் எழும்பிப் போய் சேபர்களை எதிர்கொண்டார்கள். பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானி பர்வேஸ் மெஹ்தி குரேஷி பிற்காலத்தில் அந்த நாட்டு விமானப்படைத் தளபதியே ஆனார். உங்கள் மாமனார் அன்று அங்கே இருந்தாரா? தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். விமானிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், ரவை ஏற்றியவர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.


அடுக்கச்சு

தட்டான்பூச்சி, என்னிடம் ரெசின் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறது. சரியான மூன்று பக்க வரைபடம் கிடைத்தால் இறக்கையை வரைந்து அச்சடித்துத் தருகிறேன், பணம் வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெல்லிய ரெசின் இறக்கை நாளடைவில் தன் பாரத்திலேயே வளையக்கூடும், அதனால் நடுவில் ஒரு கம்பி கொடுக்க வேண்டும். அடுக்குக் கோடுகளும் கண்ணுக்குத் தெரியாது போலிருக்கும், வெள்ளி பெயின்ட் பட்டதும் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். நீங்கள் அடிக்கப்போவது வெள்ளி.


உப்புத்தாள்

அடுக்கச்சு சொல்வது நியாயமான எச்சரிக்கை. வெள்ளி நிறம் எதையும் மன்னிக்காது. உப்புத்தாள் கீறல், புட்டியின் ஓரம், விரல்ரேகை, எல்லாம் தெரியும்.

என் யோசனை, இருக்கும் இறக்கையையே வெட்டுவது. பிளாஸ்டிக் நல்ல கனம்தானே? சிறு நிறுவனக் கிட்டில் அந்த ஒரு நன்மை உண்டு, இழைக்க இடம் இருக்கும்.

வரைபடத்தை 1/48 அளவுக்கு அச்சிட்டு, விரிவு 141 மி.மீ. வருகிறதா என்று காகிதத்திலேயே அளந்து பாருங்கள். பல வரைபடங்கள் பிரதி எடுக்கும்போது ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். சரியாக இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு பக்க இறக்கையின் வார்ப்புரு வெட்டுங்கள். ஒரே வார்ப்புருவை வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டுக்கும் திருப்பிப் போட்டுக் கோடு போடுங்கள். இரண்டு தனி வார்ப்புரு வெட்டினால் இரண்டும் ஒன்றாக இருக்காது.

அகலத்தை முழுக்கப் பின்பக்கமாகக் குறைக்காதீர்கள். இறக்கையின் முன் விளிம்பு வளைவு கெட்டுப்போகாமல் இருக்க அதைத் தொடாமல் விடத்தான் தோன்றும். ஆனால் பின்னால் மட்டும் 7 மி.மீ. எடுத்தால் பின் விளிம்பு கட்டைச் சுவர் மாதிரி நிற்கும். வரைபடம் எங்கே சொல்கிறதோ அங்கே வெட்டி, மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒட்டுவதற்கு முன் உள்பக்கத்தைத் தேய்த்து மெலிய வைத்து, பிறகு ஒட்டுங்கள். பின் விளிம்பு கூராக வர அது ஒன்றுதான் வழி.

ராவிக் கெடுத்த முதுகுக்குக் கவலைப்படாதீர்கள். பிளாஸ்டிக் ஷீட்டில் ஒட்டு போட்டு, ஸ்ப்ரூ (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டுகளை லிக்விட் சிமென்ட் என்ற மாடல் பசையில் கரைத்துக் கூழாக்கி மேலே பூசுங்கள். காய இரண்டு நாள் ஆகும். ஆனால் காய்ந்த பிறகு அது அதே பிளாஸ்டிக், கோடு கீறினாலும் உதிராது. கார் பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. புட்டியை அந்த ஆழத்துக்குப் போட்டால் சுருங்கிப் பள்ளம் விழும்.


தட்டான்பூச்சி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். நிறைய நடந்தது.

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், அளவுகளோடு. பதில் வந்தது. பாகங்கள் இரண்டு பெட்டிக்கும் பொதுவானவை, விருப்பமுள்ளவர்கள் திருத்திக்கொள்ளலாம் என்று இரண்டு வரி. பெட்டியின் மேல் அதைச் சொல்லியிருக்கலாமே என்று திரும்பக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

அப்புறம், எல்லாப் பாகங்களையும் டேப்பால் கட்டி, சக்கரத்தையும் தற்காலிகமாகச் செருகி, மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இறக்கை வெட்டப்படாத பழைய இறக்கைதான். என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று நான் வாயே திறக்கவில்லை.

கையில் வாங்கவில்லை. மேசை மேலேயே வைக்கச் சொல்லி, குனிந்து, கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது ஏன் இவ்வளவு உசரமா நிக்குது?" என்றார். நாட் தாழ்ந்து நிற்குமாம். ஏணி இல்லாமல் தரையில் நின்றபடியே பெரும்பாலான வேலையை முடித்துவிடலாமாம், மற்ற விமானத்தில் வேலை பார்த்தவர்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவார்களாம். வயிற்றுக்கு அடியில் மட்டும் தவழ்ந்துதான் போக வேண்டும் என்றார். "இதுக்கு அடியில நிமிந்தே போயிடலாம் போல இருக்கே."

அடுத்து மூக்கின் பக்கவாட்டை விரலால் தடவினார். "துப்பாக்கி எங்கே?"

கிட்டில் காற்று உறிஞ்சும் வாயின் வெளிச்சுவரில் பக்கத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் மட்டும் இருக்கிறது, அம்மைத் தழும்பு மாதிரி. பயிற்சி விமானத்தில் துப்பாக்கி கிடையாது. எனவே இந்த இடத்திலும் அரைமனதோடு ஏதோ செய்து விட்டிருக்கிறார்கள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அளந்தேன். உண்மையான விமானத்தின் உயரம் 2.46 மீட்டர், 1/48இல் 51 மி.மீ. என் மாடல் வால் நுனி வரை 55 மி.மீ. நிற்கிறது. மாமா கண்ணால் பார்த்துச் சொன்னது நாலு மி.மீ.

இறக்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.


ஞாயிறுமாடலர்

படித்ததும் மனம் நெகிழ்ந்துவிட்டது. ஆனால் நான் சொன்னதையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். 11 மி.மீ. தவறை அந்த விமானத்தோடு வாழ்ந்த மனிதரே கவனிக்கவில்லை. கால்களைக் குட்டையாக்குவது ஒரு மாலை வேலை. துப்பாக்கி இன்னொரு மாலை. அவை இரண்டையும் செய்துவிட்டு, இறக்கையை இப்படியே விட்டால் இந்த மாதமே அவர் கையில் கொடுத்துவிடலாம். அவருக்கு 79 வயது என்கிறீர்கள். காலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும், மனம் வருந்தாதீர்கள்.


தட்டான்பூச்சி

சார், நீங்கள் சொன்ன கடைசி வரி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. நேற்றிரவு இறக்கையை ஒட்டிவிடலாம் என்றே பசை டப்பாவைத் திறந்தேன்.

முடியவில்லை. அவர் பார்க்காததற்குக் காரணம் அவர் வேலை செய்த இடம். மூக்கின் பக்கமும் வயிற்றின் அடியும்தான் அவர் உலகம். இறக்கையின் மேல்பக்கத்தை அவர் நின்று பார்த்திருக்க மாட்டார். அந்த இறக்கையை அறிந்த வேறொரு மனிதர் இருப்பார், ஏலரானைச் சரிபார்த்தவர், அதைத் துடைத்தவர். அவரைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்கு இல்லை. ஆனாலும் அவருக்கும் இந்த மாடல் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இன்னொன்று, 152 என்ற எண் தெரிந்த பிறகு, அலமாரியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண் மட்டுமே தெரியும்.

உங்கள் கவலைக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். தினமும் இரவு ஒன்பது முதல் பத்து வரை, வேறு கிட் எதையும் தொடுவதில்லை. ஆறு வாரம். அதற்குள் முடியாவிட்டால் நீங்கள் சொன்னபடியே கொடுத்துவிடுகிறேன்.


ஞாயிறுமாடலர்

சரி. ஆறு வாரம் என்பது நியாயம். துப்பாக்கிக்கு ஒரு வழி சொல்கிறேன். 30 மி.மீ.யை 48ஆல் வகுத்தால் 0.6 மி.மீ. மருந்துக் கடையில் 20 கேஜ் ஊசி கேளுங்கள், உள்விட்டம் 0.6 மி.மீ. குழலுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. முனையை அரத்தால் உருட்டி உருட்டி வெட்டுங்கள். கட்டிங் பிளேயரால் கடித்தால் துளை நசுங்கிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஊசித் துண்டு தெறிக்கும்.


தட்டான்பூச்சி

நான்காவது வாரம்.

இடது இறக்கை முடிந்தது. வலது இறக்கையை இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று. முதல் முறை வெட்டும்போது வார்ப்புரு ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டது, வெட்டியதே தெரியவில்லை. இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்துப் பார்த்தபோது நுனி 1 மி.மீ. குறைந்திருந்தது. நுனியில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி மறுபடி வளர்த்து, மறுபடி தேய்த்தேன். இப்போது மொத்த விரிவு 141. உடலின் மேல் வைத்தால், நான் ராவிய முதுகுக்கு ஒட்டு போட்ட பிறகு, அடிப்பகுதி பள்ளத்தில் பொருந்தி உட்காருகிறது. அதாவது அந்த உடலை வடித்தவர் சரியாகவே வடித்திருக்கிறார். நான்தான் அவர் வேலையைக் கெடுத்திருக்கிறேன். அந்த ஒரு மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை.

பழைய ஏலரான் கோடுகளை ஃபெவிக்விக்கும் சமையல் சோடாவும் போட்டு அடைத்தேன். அன்றே தேய்க்காமல் அடுத்த நாள் வரை விட்டதில் கல் மாதிரி இறுகிவிட்டது, சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் முதலில் தேய்ந்தது. செய்கிறவர்கள் அரை மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். புதுக் கோடுகளுக்கு டைமோ டேப்பை (கெட்டியான லேபிள் டேப்) அளவுகோல் மாதிரி ஒட்டி, ஊசியால் மெதுவாக ஏழெட்டு முறை இழுத்துக் கீறினேன்.

கால்கள் 4 மி.மீ. குறைந்துவிட்டன. வெட்டி ஒட்டிய இடத்தில் உள்ளே ஊசித் துண்டு கொடுத்திருக்கிறேன். நல்ல வேளையாக மூக்குச் சக்கரம் தரையில் நிற்கிறது, மலைக்கோட்டை அண்ணனுக்கு நன்றி. 14 கிராம் பிடித்தது.

ஒரு பின்னடைவும் உண்டு. சோதனைக்காக ஒரு பழைய இறக்கையில் வெள்ளி லாக்கர் பெயின்ட் அடித்தேன். வெளியே மழை. பத்து நிமிடத்தில் பரப்பெல்லாம் பால் படிந்தது போல வெளுத்துவிட்டது.


உப்புத்தாள்

ஈரக் காற்றில் லாக்கர் அப்படித்தான் வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் நான் லாக்கர் டப்பாவைத் திறப்பதே இல்லை. அவசரம் என்றால் மெதுவாக ஆவியாகும் தின்னர் கொஞ்சம் கலந்து, மெல்லிய பூச்சாக, மழை நின்ற பகல் வேளையில், ஏசி ஓடி ஈரம் குறைந்த அறையில் அடியுங்கள். ஜன்னல் வழியாக வாடை போக வழி வேண்டும், முகமூடியும் வேண்டும்.

141 என்று படித்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது தம்பி.


மலைக்கோட்டை

டீக்கல் தாளையும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் உள்ள தாள்) ஒரு முறை சோதியுங்கள். தேவைப்படாத ஒரு சின்ன எழுத்தை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். துண்டு துண்டாக உடைந்தால் மொத்தத் தாளின் மேலும் முதலில் கிளியர் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு சின்னத்தையும் ஓரத்தை ஒட்டி வெட்ட வேண்டும். இவ்வளவு உழைத்துவிட்டு வட்டச் சின்னம் தண்ணீரில் உடைந்து மிதப்பதைப் பார்க்க வேண்டாம்.


தட்டான்பூச்சி

சோதித்தேன், உடைந்தது. வார்னிஷ் அடித்த பிறகு முழுசாக வருகிறது. காவி நிறம்தான் சிவப்பாக அச்சாகியிருக்கிறது, வட்டத்தின் வெளி வளையத்தை மட்டும் கையால் தீட்டப் போகிறேன்.

இறக்கையை நேற்று ஒட்டினேன். நுனிகள் இரண்டும் மேசையிலிருந்து ஒரே உயரம். இன்று காலை மாமாவிடம் எடுத்துப் போனேன், இன்னும் பெயின்ட் இல்லாமல், சாம்பல் பிளாஸ்டிக்கும் வெள்ளை ஒட்டுகளும் தெரிய. மறுபடியும் கண் மட்டத்துக்குக் குனிந்தார். கால் உயரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஊசிக் குழல் இரண்டையும் நகத்தால் தொட்டுப் பார்த்தார். இந்த முறை கையில் எடுத்துக்கொண்டார், நான் காபி குடித்து முடிக்கும் வரை கீழே வைக்கவில்லை.

வெள்ளிச்சிறகு, நீங்கள் கேட்டதைக் கேட்டேன். அன்று டம்டம்மில்தான் இருந்திருக்கிறார். விமானங்கள் திரும்பி வந்து நின்றதும் ரவைப் பெட்டியைத் திறந்து, எத்தனை மிச்சம் என்று எண்ணியது நினைவிருக்கிறது என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. இன்னொரு நாள் கேட்கிறேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். இடப்பக்கத் துப்பாக்கிக்கு மேலுள்ள மூடியைத் திறந்த நிலையில் வைக்க முடியுமா என்று. அது அவர் பக்கமாம், வலப்பக்கம் வேறொருவர் பார்த்தாராம். கிட்டில் அந்த மூடி வெறும் கோடுதான், உள்ளே ஒன்றுமில்லை. வெட்டித் திறந்தால் உள்ளே துப்பாக்கியின் பின்பகுதி, ரவை வரும் பாதை எல்லாம் செய்ய வேண்டும். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பின்லாந்து விமானத்திலோ டெல்லி விமானத்திலோ அந்த மூடி திறந்திருக்கும் படம் யாரிடமாவது இருக்கிறதா?